கல்லாவில் காசு விழாத சோதனை

புதுத் தொழில் யோசனை தோன்றினால் சந்தையில் அலைய வேண்டாம், ஓர் இரவு ஏஐ சாட்பாட்டிடம் உட்கார்ந்தால் போதும் என்று கடந்த இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. சொந்தபந்தங்கள் முகத்துக்காகப் பேசுவார்கள், இயந்திரம் உள்ளதை உள்ளபடி சொல்லும் என்கிறார் கட்டுரையாளர். அது எல்லாவற்றையும் படித்திருக்கிறதாம். நூறு வாடிக்கையாளர்களாக நடிக்கச் சொன்னால் நடிக்குமாம். அந்த நூறு பேரில் பெரும்பாலானவர்கள் வாங்குவோம் என்று சொல்லிவிட்டால் துணிந்து முதல் போடலாம், கையில் ரொக்கம் இல்லாவிட்டால் நகைக் கடன் இருக்கிறது என்று முடித்திருக்கிறார். அந்தக் கடைசி யோசனைதான் என்னைப் பதில் எழுத வைத்தது. பீரோவில் இருக்கும் எட்டுப் பவுனை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போகப்போகிறவர்கள் இந்த இதழின் வாசகர்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது தவறான தகவல். அதைத் தவறு என்று உரக்கச் சொல்லியாக வேண்டும்.

இயந்திரத்துக்கு முகத்தாட்சண்யம் கிடையாது என்ற நம்பிக்கையிலிருந்தே தொடங்குகிறேன். கட்டுரை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. 2025 ஏப்ரல் கடைசி வாரத்தில் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியின் ஜிபிடி-4ஓ மாதிரிக்கு ஒரு புதுப்பிப்பை வெளியிட்டது. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏன் என்று நிறுவனமே எழுதி வெளியிட்டது: மாதிரி அளவுக்கு மீறி முகஸ்துதி செய்கிறது. அந்த நாட்களில் ஒருவர் குச்சியில் மலத்தைச் செருகி வேடிக்கைப் பரிசாக விற்கலாம் என்று ஒரு யோசனையைச் சொல்லிக் கருத்துக் கேட்டார். சாட்ஜிபிடி அதை மேதைமை என்று புகழ்ந்து, 30,000 டாலர் முதல் போடலாம் என்றும் ஆலோசனை சொன்னது. பல நாட்டுச் செய்தித்தளங்களில் வந்த விஷயம் இது. தொழில் யோசனையைச் சாட்பாட்டிடம் சோதிப்பது பற்றி ஒரு கட்டுரை முழுக்க எழுதியவர் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. தெரியாமல் விட்டிருந்தால் இந்தப் பொருளில் ஆலோசனை சொல்லும் தகுதி அவருக்கு இல்லை. தெரிந்தே விட்டிருந்தால் அது வாசகருக்குச் செய்த துரோகம்.

அது ஏதோ ஒரு வாரத்துக் கோளாறு, சரிசெய்தாகிவிட்டது என்று பதில் வரலாம். கோளாறின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. இந்த மாதிரிகளைப் பழக்கும்போது ஒரே கேள்விக்கு இரண்டு பதில்களை மனிதர்களிடம் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்கிறார்கள். பிடித்த பதிலை நோக்கி மாதிரி திருத்தப்படுகிறது. ஓப்பன்ஏஐ தன் விளக்கத்தில், பயனர்கள் போடும் கட்டைவிரல் குறிகளையும் அந்தப் புதுப்பிப்புக்குப் பயன்படுத்தியதாகவும், முகஸ்துதியைக் கட்டுக்குள் வைத்திருந்த தடையை அது பலவீனப்படுத்தியிருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 2023-இல், ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஐந்து ஏஐ உதவியாளர்களைச் சோதித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே எழுத்தைக் கொடுத்துக் கருத்துக் கேட்கும்போது, இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்று சேர்த்துச் சொன்னால் கருத்து இனிக்கிறது, பிடிக்கவில்லை என்று சொன்னால் கசக்கிறது. எழுத்து மாறவில்லை, கேட்பவரின் மனநிலைதான் மாறியது. மனிதர்களுக்கு ஒத்து ஊதும் பதில் பிடிக்கிறது, பிடித்ததை இயந்திரம் கற்றுக்கொள்கிறது.

வாசகர் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். உங்கள் யோசனையை, பத்து வருடமாக நான் மனதில் வைத்திருக்கும் கனவு என்று எழுதிக் கேளுங்கள். பிறகு புதிதாக ஓர் உரையாடலைத் திறந்து அதே யோசனையை, என் மச்சான் இதைச் சொல்லி என்னிடம் மூன்று லட்சம் கடன் கேட்கிறான், கொடுக்கலாமா என்று கேளுங்கள். இரண்டு பதில்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள். சொந்தபந்தங்களின் தாட்சண்யத்திலிருந்து தப்பிக்க இந்த வழி என்று கட்டுரையாளர் சொன்னார் இல்லையா? சித்தப்பாவுக்காவது நாளைக்குத் தன்னிடமே கடன் கேட்டு வருவானே என்ற பயம் இருக்கும். அந்தப் பயத்தில் நாலு கேள்வி கேட்பார். சாட்பாட்டுக்கு அதுவும் கிடையாது.

கடுமையாக விமர்சிக்கச் சொல்லிக் கேளுங்கள், அப்போது உண்மை வரும் என்பது கட்டுரையாளர் தரும் மாற்று மருந்து. வராது. கடுமை வரும். நல்ல யோசனையைக் கொடுத்துக் கடுமையாகப் பேசச் சொன்னாலும் அதே கடுமையோடு பேசும். போட்டி அதிகம், லாப விகிதம் குறைவு, வாடிக்கையாளரைப் பிடிக்கும் செலவு அதிகம் என்று எந்தத் தொழிலுக்கும் பொருந்துகிற ஆட்சேபங்களை வரிசையாக அடுக்கும். புகழச் சொன்னால் புகழ்ந்து, திட்டச் சொன்னால் திட்டுகிற ஒன்றிடமிருந்து உங்கள் யோசனையைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது. நீங்கள் அதைப் புகழச் சொன்னீர்களா, திட்டச் சொன்னீர்களா என்பது மட்டும்தான் தெரியவரும்.

அடுத்து, அவர் பெருமையோடு சொல்லும் நூறு வாடிக்கையாளர்கள். இல்லத்தரசி, ஓய்வுபெற்ற ஆசிரியர், ஐடி ஊழியர் என்று ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்துப் பேச வைத்துவிட்டால் சந்தை ஆய்வு முடிந்ததாம். ஆய்வாளர்கள் இதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 2024-இல் பொலிட்டிக்கல் அனாலிசிஸ் என்ற ஆய்விதழில் வந்த கட்டுரை ஒன்று, அமெரிக்கக் கருத்துக்கணிப்பில் பங்கேற்ற உண்மையான மனிதர்களின் விவரங்களைக் கொடுத்து அவர்களைப் போலவே சாட்ஜிபிடியைப் பதில் சொல்ல வைத்தது. சராசரிகள் ஓரளவு பொருந்தின. ஆனால் மனிதர்களின் பதில்களில் இருக்கிற வேறுபாடு அதில் இல்லை, எல்லாம் நடுவில் வந்து குவிந்தன. கேள்வியின் சொற்களைச் சற்று மாற்றினால் முடிவு மாறியது. அதே கேள்வியைச் சில மாதம் கழித்துக் கேட்டபோதும் மாறியது.

தொழில் செய்கிறவருக்கு இதைவிட ஆபத்தான குறை வேறில்லை. புதுச் சரக்கு சராசரி மனிதரால் பிழைப்பதில்லை. அதை விடாமல் தேடி வருகிற சிறு கூட்டத்தால் பிழைக்கிறது, ஒரு தடவை வாங்கிவிட்டுத் திரும்பியே பார்க்காத பெருங்கூட்டத்தால் சாகிறது. அந்த இரண்டு ஓரங்களையும் மழித்துவிட்டு நடுவை மட்டும் காட்டுகிற கருவியைச் சந்தை ஆய்வு என்று பெயர் சூட்டி வாசகர் கையில் கொடுப்பது பொறுப்பற்ற செயல்.

கோவை அருணாசலம் முருகானந்தத்தின் கதை தமிழ்நாட்டில் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்தவர், 2016-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அந்தக் கதையின் நடுவில் ஒரு சிறு நிகழ்ச்சி இருக்கிறது. 1998-இல் பஞ்சை வைத்து முதல் நாப்கினைச் செய்து மனைவியிடம் கொடுத்தார், அது தேறவில்லை. மாற்றி மாற்றிச் செய்து கொடுத்துக் கருத்துக் கேட்பது என்றால் மாதத்துக்கு ஒரு முறைதான் முடியும். சகோதரிகளும் உதவ முன்வரவில்லை. எனவே மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் போனார். நாப்கினோடு கருத்துப் படிவமும் கொடுத்தார். ஒருநாள் படிவங்களை வாங்கப் போனபோது, மாணவிகள் சிலர் உட்கார்ந்து அவற்றை அவசர அவசரமாக நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

அந்தப் படிவங்களில் பதில்கள் இருந்தன. கேட்ட கேள்விகளுக்குத்தான் எழுதியிருந்தார்கள். நிரப்பியவர்கள் படித்த பெண்கள், அதுவும் மருத்துவம் படிக்கிறவர்கள், அந்தப் பொருளைப் பயன்படுத்தக்கூடியவர்கள். அப்படியிருந்தும் முருகானந்தம் அவற்றை நம்பவில்லை. கால்பந்தின் உள்பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி உடம்பில் கட்டிக்கொண்டு, தான் செய்த நாப்கினைத் தானே அணிந்து நடந்தார், சைக்கிள் ஓட்டினார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது, மனைவி சில ஆண்டுகள் பிரிந்து போனார். அதற்கும் பிறகு மாணவிகளிடமிருந்து பயன்படுத்திய நாப்கின்களையே கேட்டு வாங்கி ஆராய்ந்தார். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவது பஞ்சு இல்லை, மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

உபயோகிக்காதவர் எழுதும் கருத்துக்கு மதிப்பில்லை என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அவர் குப்பையில் போட்ட அதே படிவத்தைத்தான் கட்டுரையாளர் இன்று நூறு பிரதி எடுத்து, ஆளுக்கொரு பெயர் எழுதி, சோதனை முடிந்தது என்கிறார். அந்த மாணவிகளாவது நிஜ மனிதர்கள்.

இனி அந்த நூறு பேருக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தாம்பரம் பக்கம் ஒரு மளிகைக் கடை. ஐடி வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு தம்பி, சாமையும் உளுந்தும் சேர்த்து அரைத்த தோசை மாவை ஒரு கிலோ பாக்கெட்டாகக் கொண்டுவந்து அண்ணாச்சியிடம் காட்டிக்கொண்டிருந்தார். நான் சாமான் கட்டி வாங்க நின்றிருந்தேன். அண்ணாச்சி பாக்கெட்டை வாங்கி, முதலில் வாயைக் கட்டிய இடத்தை அமுக்கிப் பார்த்தார்.

"மாவு புளிச்சா இது உப்பிக்கும் தம்பி. சித்திரை வெயில்ல சாயங்காலத்துக்குள்ள உப்பிரும். உப்புனத யாரும் தொட மாட்டாங்க. ரிட்டர்ன் யாரு எடுத்துக்குவா?"

"நாங்களே எடுத்துக்கறோம் அண்ணாச்சி."

"சரி. ஃப்ரிட்ஜுல எடம் பாத்தியா? மேல் தட்டு பாலு. நடுத்தட்டு அந்த சாதா மாவுக்காரரு, அஞ்சரை மணிக்கெல்லாம் வந்து அடுக்கிட்டுப் பழச எடுத்துட்டுப் போயிருவாரு. ஒனக்கு எடம் வேணும்னா அவரு பாக்கெட்ட நான் கொறைக்கணும். எதுக்குக் கொறைக்கணும் சொல்லு?"

தம்பி சிறுதானியத்தின் நன்மைகளைச் சொல்லத் தொடங்கினார். அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் வாங்க வர்றவங்களுக்கே தெரியும். சுகர்காரங்க வந்து கேக்கறாங்கதான். ஒருதரம் வாங்குவாங்க. வீட்ல புள்ளைங்க திங்க மாட்டேங்குதுன்னு மறுபடி சாதா மாவுக்குப் போயிருவாங்க. திங்கறது வீட்டுக்கு ஒரு ஆளு. அவருக்கு எதுக்கு ஒரு கிலோ? கால் கிலோவா போட்டுக் கொண்டா. மொத வாரம் பத்து பாக்கெட். காசு வித்த பிறகு."

அந்தச் சில நிமிடப் பேச்சில் பாக்கெட்டின் அளவு மாறியது, முதல் வாரச் சரக்கின் அளவு குறைந்தது, பணம் எப்போது வரும் என்பது தெரிந்தது, எதிரி யார் என்பதும் தெரிந்தது. தேசிய அளவில் விளம்பரம் செய்யும் எந்த பிராண்டும் எதிரி இல்லை. விடியற்காலை ஐந்தரைக்கு வருகிற மாவுக்காரர்தான். ரிட்டர்ன், கடன், ஃப்ரிட்ஜ் என்று பொதுவாகப் பட்டியல் போடச் சொன்னால் சாட்பாட்டும் போடும். ஆனால் அந்தத் தெருவில் சாமை மாவு தின்பவர் வீட்டுக்கு ஒருவர்தான் என்பது எந்தப் புத்தகத்திலும் இணையத்திலும் எழுதப்படாதது. அது அண்ணாச்சியின் கண்ணிலும் கடன் நோட்டிலும் இருக்கிறது. எழுதப்பட்டதை மட்டும் படித்து வளர்ந்த ஒன்றுக்கு அது எட்டாது. தவிர, அண்ணாச்சி ஆமாம் என்று சொன்னால் நடுத்தட்டில் இடம் கொடுக்க வேண்டும், மற்றவரின் பாக்கெட்டைக் குறைக்க வேண்டும். அவர் சம்மதத்துக்கு ஒரு விலை இருக்கிறது. விலை இருப்பதால்தான் அதை நம்பலாம். சாட்பாட் உங்களுக்குச் சொல்லும் ஆமாமால் அதற்கு ஐந்து பைசா நஷ்டமில்லை. தன்னிடமிருந்து எதையும் இழக்காத ஒன்றின் சம்மதம் ஆயிரம் தடவை வந்தாலும் சோதனை ஆகாது. என் வாதம் இவ்வளவுதான்.

காகிதத்தில் கணக்கு சரியாக வந்துவிட்டால் போதும் என்று நம்புகிறவர்கள் டாடா நானோவை நினைத்துப் பார்க்க வேண்டும். ஸ்கூட்டரில் நான்கு பேராகப் போகும் குடும்பங்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, 1 லட்ச ரூபாய்க்குக் கார் கொடுத்தால் வாங்குவார்கள். எந்த அறிவாளியும் ஒப்புக்கொள்ளக்கூடிய வாதம். 2009-இல் கார் சந்தைக்கு வந்தது. 2018 ஜூனில் ஆலையிலிருந்து வெளிவந்தது ஒரே ஒரு நானோ. மலிவான கார் என்று முத்திரை குத்தி விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பிறகு சொன்னார். கார் வாங்குவது அக்கம்பக்கத்தார் பார்ப்பதற்கும் சேர்த்துத்தான். அந்தக் கூச்சத்தை யாரும் படிவத்தில் எழுத மாட்டார்கள். டாடாவின் பணபலத்துக்கு அந்த அடியைத் தாங்க முடிந்தது. அடகு வைத்துத் தொழில் தொடங்கியவரால் முடியாது.

சாட்பாட் எல்லாவற்றையும் படித்திருக்கிறது என்ற பெருமைக்கு நீளமான பதில் தேவையில்லை. 2025-இல் டெலாய்ட் ஆலோசனை நிறுவனம் ஆஸ்திரேலிய அரசுக்குக் கொடுத்த ஓர் அறிக்கையில், இல்லாத ஆய்வுக் கட்டுரைகள் மேற்கோள்களாக இடம்பெற்றிருந்தது அம்பலமானது. அறிக்கை தயாரிப்பில் ஏஐ பயன்பட்டதை ஒப்புக்கொண்டு, கட்டணத்தில் ஒரு பகுதியை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. சரிபார்க்க ஆள்படை வைத்திருக்கும் நிறுவனத்துக்கே இந்தக் கதி. சந்தை மதிப்பு இத்தனை ஆயிரம் கோடி, அதில் ஒரு சதவீதம் பிடித்தால் போதும் என்று சாட்பாட் தரும் எண்ணைத் தனியாளாக உட்கார்ந்திருக்கும் நம் வாசகர் எதை வைத்துச் சரிபார்ப்பார்?

கடை நடத்தும் சாமர்த்தியம் சாட்பாட்டுக்கு எவ்வளவு என்பதற்கும் சான்று இருக்கிறது. ஆந்த்ரோபிக் நிறுவனமே 2025-இல் தன் சான் ஃபிரான்சிஸ்கோ அலுவலகத்தில் ஒரு சிறு கடையைத் கிளாட் என்ற தன் ஏஐ மாதிரியின் பொறுப்பில் சுமார் ஒரு மாதம் விட்டுப் பார்த்து, நடந்ததை வெளிப்படையாக எழுதியது. கேட்டவர்களுக்கெல்லாம் கிளாட் தள்ளுபடி கொடுத்தது. டங்ஸ்டன் உலோகக் கட்டிகளை வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றது. 15 டாலருக்குக் கிடைக்கும் குளிர்பானக் கட்டுக்கு ஒருவர் 100 டாலர் தர முன்வந்தபோது அந்த லாபத்தைக் கோட்டை விட்டது. இல்லாத கணக்கு ஒன்றுக்குப் பணம் அனுப்பச் சொன்னது. கடை நஷ்டத்தில் முடிந்தது. செய்தவர்கள் இவ்வளவு நேர்மையாகத் தங்கள் கருவியின் எல்லையைச் சொல்லியிருக்கும்போது, விற்பனைப் பிரதிநிதியைவிட அதிக உற்சாகத்தோடு நம் கட்டுரையாளர் அதற்கு வக்காலத்து வாங்குவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

அவர் கட்டுரையில் மதிக்கத்தக்க ஓர் இடம் உண்டு. பணக்காரனுக்கு ஆலோசகர் இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார். கடலூரிலோ கரூரிலோ இருக்கும் ஏழைப் பையனுக்கு யார் இருக்கிறார்கள், அவனுக்கு இதுவாவது கிடைக்கட்டுமே என்கிறார். இந்த அக்கறை நியாயமானது. அந்தப் பையன் உரிமம் வாங்க என்ன விண்ணப்பம், வங்கிக்குக் கடிதம் எப்படி எழுதுவது, அடக்க விலையை எப்படிக் கணக்குப் போடுவது என்று சாட்பாட்டிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளட்டும். யாரிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்ற கேள்விகளைத் தயாரிக்கவும் பயன்படுத்தட்டும். ஆனால் சோதனை என்று வரும்போது ஏழைக்கு வழி இல்லை என்பது பொய்.

அதே கடலூரில் 1983-இல் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய், கூட்டத்தின் நடுவில் ஒரு பையனின் தலைக்கு ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் விட்டார்கள். ஐந்து காலி ஷாம்பூ பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். முதலில் எந்த ஷாம்பூவின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் சரி என்றார்கள், பிறகு சிக் பாக்கெட் மட்டும் என்று மாற்றினார்கள். இதை வெறும் விற்பனை உத்தியாக மட்டும் நான் பார்க்கவில்லை. காலிப் பாக்கெட் என்பது யாரோ காசு கொடுத்து வாங்கி, கிழித்து, தலைக்குத் தேய்த்து முடித்ததன் தடயம். அதைவிட நாணயமான சந்தை ஆய்வு அறிக்கை எந்த ஆலோசகரிடமும் கிடைக்காது. ஏழைப் பையனின் வாடிக்கையாளர்கள் அவன் தெருவிலேயே இருக்கிறார்கள். பத்துப் பாக்கெட் போட்டு, பத்தில் எத்தனை திரும்பி வருகிறது, வாங்கியவரில் எத்தனை பேர் அடுத்த வாரமும் வருகிறார்கள் என்று பார்க்க அவனுக்குச் சில நூறு ரூபாயும் கொஞ்சம் வெட்கத்தை விடுவதும் போதும். அந்தத் தெருவிலிருந்து அவனைக் கிளப்பி, கதவைச் சாத்திக்கொண்டு திரையின் முன்னால் உட்காரச் சொல்வதற்குப் பெயர் அக்கறை இல்லை.

நகைக் கடன் பற்றிய அந்த வரிக்கு வருகிறேன். வங்கிகளும் அடகு நிறுவனங்களும் நாளிதழ்களில் வெளியிடும் நகை ஏல அறிவிப்புகளைக் கட்டுரையாளர் பார்த்திருப்பார். பொடி எழுத்தில் கடன் எண்கள் பத்தி பத்தியாக இருக்கும். அந்த நகைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை, அடகு வைக்கும் முடிவைப் பெரும்பாலும் அவர்கள் எடுத்திருக்க மாட்டார்கள். சாட்பாட்டின் நூறு பேரும் வாங்குவதாகச் சொன்னார்கள் என்று ஒரு கணவன் வீட்டில் வந்து சொல்லும்போது, அதைக் கேட்டுக் கழற்றிக் கொடுக்கப்போவது அந்தப் பெண். நஷ்டமானால் வட்டி கட்டப்போவது அந்தக் குடும்பம். சாட்பாட் செய்த நிறுவனத்துக்கும் கட்டுரையாளருக்கும் அதில் ஒரு ரூபாய் பொறுப்பும் கிடையாது.

கட்டுரையின் மற்ற பகுதிகளை அவர் எப்படி வேண்டுமானாலும் நியாயப்படுத்திக்கொள்ளட்டும், விவாதம் தொடரட்டும். அந்த ஒரு வரியை மட்டும் அடுத்த இதழிலேயே தன் பெயரில் அவர் திரும்பப் பெற வேண்டும். முடியாது என்றால், சாட்பாட் சரி என்று சொன்ன எந்த யோசனையில் தன் வீட்டு நகையை வைத்து அவர் முதல் போட்டிருக்கிறார், அந்தத் தொழில் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்பதை அதே பக்கத்தில் எழுதட்டும்.